பயிற்சிக்கு முன் ஒரு பயிற்சி



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, வழமைபோல் தாய்மொழியின் சிறப்பைப் பற்றியே எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். பல ஆண்டுகளாக அதனையே எழுதி வந்துள்ளேன். அதனால் மொழிக்குப் பெருந்தீங்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. இம்முறை கால்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்பு, பாதம், சப்பாத்து, அவற்றோடு ஒரு தாயின் அச்சம் ஆகியனவே இக்கட்டுரையின் பொருள்.

நாம் வாழும் சுவிற்சர்லாந்தில் குடியுரிமை பெற்ற ஆண்பிள்ளைகளுக்கு இராணுவ சேவை கட்டாயமானது என்பதைப் பெற்றோர் அறிவர். பதினெட்டு வயதையொட்டித் தகவல் நாளுக்கு அழைப்பு வரும். பின்னர் இரண்டு அல்லது மூன்று நாள்கள் ஆட்சேர்ப்புச் சோதனை நடைபெறும். தகுதியுடையவன் எனக் கண்டால், பெரும்பாலான பிரிவுகளில் 18 வாரங்கள் நீடிக்கும் அடிப்படைப் பயிற்சிக்குச் செல்லுதல் வேண்டும். 'றெக்ரூட்டன்சூல' என்று இந்நாட்டவர் அழைக்கும் அதனை நம் பிள்ளைகள் 'எர்எஸ்' என்று சுருக்கிவிட்டனர். பெண்பிள்ளைகள் விரும்பினால் தாமாகவே முன்வந்து சேரலாம்.

2023 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, என் பழைய மாணவன் ஒருவனின் தாயார் என்னிடம் வந்தார். அவன் நம் பாடசாலையில் பத்தாம் வகுப்புவரை தமிழ் கற்றவன். இப்போதும் விழா நாள்களில் மேசை தூக்கி உதவுபவன். ஆட்சேர்ப்புச் சோதனைக்கான கடிதம் வந்திருந்தது. அக்கடிதத்தை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினாரேயன்றி என் கையில் தரவில்லை.

"சேர், நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பான். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்கவே ஏலாது. என்ர தம்பி போன அன்றும் 'பயிற்சி' எண்டுதான் சொன்னவங்கள்."

அவருடைய தம்பி திரும்பி வரவில்லை. அதனை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சற்று நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டார். பிள்ளைக்கு முதுகில் நோவு, மூச்சு இழுப்பு என்று ஏதாவது சொல்லி மருத்துவரிடம் கடிதம் வாங்கினால் விட்டுவிடுவார்களாமே, அப்படிச் செய்யலாமா என்பதே அது.

யான் உடனே மறுமொழி கூறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதனை இதுவரை இப்பாடசாலையில் எவரிடமும் கூறியதில்லை.

இந்நாட்டுக்கு ஏதிலியாக வருமுன் வன்னியில் ஒரு கிராமப் பாடசாலையில் ஆசிரியனாக இருந்தேன். தமிழ் கற்பித்தேன், ஆசிரியர் பற்றாக்குறையால் உடற்கல்வியும் என் தலையில் விழுந்தது. ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும். சுண்ணாம்புக் கோடு இழுத்த மைதானம், தென்னோலைத் தோரணம், மூன்று இல்லங்களுக்கும் மூன்று நிறக் கொடிகள். ஊர் முழுவதும் திரண்டு வரும். 2007 ஆம் ஆண்டு அப்போட்டிக்கு ஓட்ட வீரர்களைத் தெரிவு செய்துகொண்டிருந்த வேளையில் ஒரு தாய் வந்தார். "சேர், என்ர பிள்ளையை ஓட்டத்துக்குப் போடாதேங்கோ. உயரமாத் தெரியிறான்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கிற்று. பிள்ளைகளின் வயதை அக்காலத்தில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எவரும் கணிக்கவில்லை. உயரத்தையும் தோளகலத்தையும் பார்த்தே கணித்தனர். அவனை நான் பட்டியலிலிருந்து நீக்கினேன். அடுத்த கிழமை மேலும் நால்வரின் தாய்மார் வந்தனர். பிறகு யானே வகுப்பில் சொல்லத் தொடங்கினேன்: "நிமிர்ந்து நடவாதேயுங்கள். தெருவில் ஓடாதேயுங்கள். சற்றுக் கூனி நடவுங்கள்." உடம்பைப் பேணுதலின் பெருமை கூறும் திருமூலரின் பாடலை முதற்பாட வேளையில் கற்பித்துவிட்டு, அடுத்த பாட வேளையில் உடம்பை மறைக்கக் கற்பித்தேன். என் இடாப்பில் 36 பெயர்கள் இருந்தன. 2008 இல் பாடசாலை இடம்பெயர்ந்தபோது அந்த இடாப்பை எடுத்துச் சென்றேன். பின்னர் அதுவும் எங்கோ தவறிப்போயிற்று. உயரமாகத் தெரிந்த அந்த மாணவன் இன்று எங்கே இருக்கிறான் என்பதை அறியேன்.

ஆதலால், இன்னொரு பிள்ளையை நலிந்தவன்போல் நடிக்கச் சொல்லுமாறு இன்னொரு தாய் கேட்டபோது என் நா எழவில்லை. "நான் அவனோடு கதைக்கிறேன் அம்மா" என்று மட்டும் கூறி அனுப்பினேன்.

அவனோடு கதைத்தேன். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடங்கொடாதோர்க்கு 1996 முதல் இந்நாட்டில் குடிமைச் சேவை என்னும் மாற்றுவழி உண்டென்றும், அதன் நாள்கள் இராணுவ சேவையைப்போல் ஒன்றரை மடங்கு என்றும், முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றுதல் இழுக்கன்று என்றும் எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டான். அவையெல்லாம் அவனுக்கு முன்னரே தெரிந்திருந்தன. பின்பு சொன்னான்:

"என்னோட படிச்ச எல்லாரும் போகினம் சேர். பதினெட்டுக் கிழமையில திரும்பி வருகினம்."

'திரும்பி வருகினம்' என்பதை அவன் மிகச் சாதாரணமாகச் சொன்னான். இந்நாட்டில் பிறந்த பிள்ளை. அச்சொல்லில் எனக்குக் கேட்டது அவனுக்குக் கேட்டிருக்க நியாயமில்லை.

சித்திரையில் சோதனைக்குச் சென்று தகுதியுடையவன் என்ற முடிவுடன் வந்தான். அங்கு நடைபெறும் உடற்தகுதித் தேர்வில் ஐந்து அங்கங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 25 ஆக மொத்தம் 125 புள்ளிகள். வாங்கில் அமர்ந்தபடி 2 கிலோ நிறையுள்ள பந்தை மார்பிலிருந்து தள்ளி எறிதல். நின்ற நிலையிலிருந்து நீளம் பாய்தல். முழங்கைகளை நிலத்தில் ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக வைத்துக்கொண்டு இரு பாதங்களையும் மாறிமாறி உயர்த்துதல். குறித்த ஒலிக்கேற்ப வேகத்தை இடையறாது கூட்டிக்கொண்டே ஓடுதல். ஒற்றைக் காலில் நிற்றல். இறுதியாகச் சொன்னது எளிதென எண்ணாதீர்கள். பத்து விநாடிகள் சென்றதும் கண்களை மூட வேண்டும். இருபது விநாடிகள் சென்றதும் தலையைப் பின்னே சாய்க்க வேண்டும். பிடிவாதக்காரனை 'ஒற்றைக்காலில் நிற்கிறான்' என்போமன்றோ? அச்சொற்றொடரை ஆக்கியவர் கண்களை மூடிப் பார்த்திருக்க மாட்டார். வீட்டில் நானும் முயன்றேன்; பதினொராவது விநாடியில் சுவரைப் பிடித்தேன்.

நம் மாணவன் நிற்பதிலும் எறிவதிலும் நன்றாகவே செய்தான். ஓட்டத்தில்தான் குறைந்த புள்ளிகள். மூன்றாண்டுத் தொழிற்கல்வியில் கணினிக்கு முன் அமர்ந்திருந்த பிள்ளை. மாடிக்கும் மின்தூக்கியில் செல்பவன். அவனுடைய பயிற்சி 2024 தை மாதத்தில் தொடங்குவதாக இருந்தது. வெட்கம் தாளாமல், எவரிடமும் சொல்லாமல் வைகாசி மாதத்தில் தானாகவே ஓடத் தொடங்கினான். நாள்தோறும் ஏறத்தாழ 10 கிலோமீற்றர். சப்பாத்தோ மூன்றாண்டுப் பழையது. இரண்டாம் கிழமை முடியுமுன் முன்னங்கால் எலும்பில் நோவு கண்டது. நோவோடு ஓடினால் நோவு பழகிவிடும் என யாரோ சொன்னார்களாம். ஆகவே மேலும் ஒரு கிழமை ஓடினான். சனிக்கிழமை மேசை தூக்க வந்தபோது நொண்டினான்.

இவ்விடத்தில் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். பயிற்சிக்குச் செல்லவிருக்கும் மாணவர்கள் இதனைக் கவனமாக வாசித்தல் வேண்டும்.

1855 இல் பிறைத்ஹவுப்ற் என்னும் பிரசிய இராணுவ மருத்துவர் ஒருவர், நெடுந்தூரம் நடந்த படைவீரர்களின் பாதங்கள் காரணம் தெரியாமல் வீங்கி நோவதை விவரித்து எழுதினார். விழவில்லை, அடிபடவில்லை, ஆயினும் பாதம் வீங்கிற்று. 1895 இல் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து அக்கதிரால் படமெடுத்துப் பார்த்தபோதுதான் பாத எலும்புகளில் நுண்ணிய முறிவு இருப்பது புலனாயிற்று. நடையினால் வந்த முறிவு. இன்றும் உலகின் எல்லாப் படைகளிலும் புதிதாகச் சேர்வோரை வாட்டுவது இதுவே. முன்னங்காலின் உள்ளெலும்பிலும் இது வருவதுண்டு.

காரணம் யாதெனில், தசையும் மூச்சும் விரைவாகப் பழகுகின்றன. எலும்பு மெல்லவே பழகுகிறது. சில கிழமைகளிலேயே ஓட்டம் இலகுவாகிவிட்டதென நெஞ்சு சொல்லும். எலும்புக்கோ மாதங்கள் வேண்டும். அது மட்டுமன்று. புதிய சுமை வரும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுப் பின்னரே அவ்விடத்தில் புதியதைக் கட்டுகிறது. ஊரில் கூரை வேய்வதைப் பார்த்த பெற்றோர்க்கு இது எளிதில் விளங்கும். பழைய கிடுகைப் பிரித்த பின்னரே புதிய கிடுகு கட்டுவோம். பிரித்த அன்று மழை கொட்டினால் வீடு என்னாகும்? இரண்டாம் மூன்றாம் கிழமைகளில் நம் மாணவன் பிரித்த கூரையின்மேல் மழை பெய்வித்துக்கொண்டிருந்தான்.

நல்வேளையாக முறிவு ஏற்பட்டிருக்கவில்லை. ஓட்டத்தை நிறுத்தி ஓய்வெடுக்குமாறு மருத்துவர் கூறினார். இரத்தத்தையும் சோதித்தார், விற்றமின் டி மிகக் குறைவாக இருந்தது. இது நமக்குப் பொதுவானதொரு குறை. கருநிறத் தோல் சூரிய ஒளியிலிருந்து அச்சத்தைத் தயாரிக்க நீண்ட நேரம் எடுக்கும். இந்நாட்டுக் குளிர்காலச் சூரியனோ அதற்கு உதவுவதேயில்லை. அமெரிக்கக் கடற்படையில் பயிற்சிக்குச் சேர்ந்த 5,000 க்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வொன்று 2008 இல் வெளியாயிற்று. கல்சியமும் விற்றமின் டியும் உட்கொண்டோரிடத்தில் இவ்வகை முறிவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆகவே பயிற்சிக்குப் பல மாதங்கள் முன்னரே மருத்துவரிடம் சென்று இரத்தத்தைப் பார்ப்பித்துக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தாமாகவே அளவின்றி விழுங்குதல் கூடாது. புரத மா டின் டின்னாக வாங்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன்: பயறு, கடலை, முட்டை, மீன், பால் ஆகியவை இன்னும் விற்பனையில் உள்ளன. முள்ளோடு தின்னும் நெத்தலியில் கல்சியமும் உண்டு.

நொண்டிய அன்று அவனை அமர்த்திக் காலைப் பார்த்தபோது, பதினாறு ஆண்டுகளுக்கு முன் விட்ட ஊதலை மீண்டும் கையில் எடுத்ததுபோல் இருந்தது. "கால் ஆறட்டும். பிறகு நான் உன்னோடு நடக்கிறேன்" என்றேன். அதனைச் சொன்னபோது எனக்குள் ஒரு நடுக்கம் இருந்ததையும் மறைக்க விரும்பவில்லை. ஒரு பிள்ளையின் உடலைப் படைக்கு ஆயத்தம் செய்ய யான் உதவுவதா? அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆனால், அவன் செல்வது உறுதி. ஆயத்தமின்றிச் சென்றால் நோவது அவன் கால். இதற்குமேல் தத்துவம் பேச என்னால் முடியவில்லை.

ஆனி நடுப்பகுதியில் தொடங்கினோம். பேர்ண் நகரில் ஆரே ஆற்றங்கரைப் பாதையில் முதலில் அரைமணி நேர விரைவு நடை, கிழமைக்கு மூன்று நாள்கள். அதுவே ஒரு மாதம். அவனுக்குச் சலித்தது, "கிழவர்போல நடக்கிறம் சேர்" என்றான். உடன் நடந்தவனுக்கு நாற்பத்து நான்கு வயதென்பதை அவன் மறந்திருக்கலாம். ஆடி மாத இறுதியில் நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெதுவோட்டம் என மாற்றினோம். பின்பு ஓட்டத்தின் பங்கைச் சிறிதுசிறிதாகக் கூட்டினோம். கிழமைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதிருத்தல் வழக்கிலுள்ள கணக்கு. வேதவாக்கன்று, ஆயினும் ஆர்வக்கோளாறு உடையோர்க்கு அது நல்ல கடிவாளம். நான்காவது கிழமைதோறும் குறைத்துக்கொண்டோம். புதிய சப்பாத்துக்குத் தாயார் பணம் தந்தார். எதற்கென்று அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஓடாத நாள்களில் இரண்டு நாள் காட்டுக்குள் உள்ள உடற்பயிற்சிப் பாதைக்குச் சென்றோம். 'வீற்றா பார்க்கூர்' எனப்படும் இப்பாதைகளைப் பலர் கண்டிருப்பீர்கள். நாவற்பழம் தேடிப் போய்த் தவறுதலாக நுழைந்தோரும் உண்டு, இங்கே நாவல் மரம் இல்லை என்பது பின்னர்தான் நினைவுக்கு வரும். முதலாவது பாதை 1968 இல் சூரிச்சில் திறக்கப்பட்டது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 500 உள்ளன. 15 தரிப்பிடங்கள், ஒவ்வொன்றிலும் செய்முறையைப் படம் வரைந்து காட்டியிருப்பர். தொங்குதல், தாவுதல், தண்டால் எடுத்தல் யாவும் உண்டு. ஒரு சதமும் தேவையில்லை. மாதந்தோறும் பணம் கட்டி உடற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, மூன்றாம் கிழமைக்குப் பின் போகாமல் விட்ட பெற்றோர் சிலரை அறிவேன். பெயர் சொல்ல மாட்டேன். அவர்கள் நன்கொடை தருபவர்கள்.

புரட்டாதியில் சுமை ஏற்றினோம். தமிழ்க் கடையில் வாங்கிய 5 கிலோ அரிசிப் பையை முதுகுப்பையில் வைத்து, குர்ட்டன் மலைக்கு ஏறினான். சுமை முதுகோடு ஒட்டி, உயரத்தில் இருத்தல் வேண்டும். கீழே தொங்கினால் இடுப்பைப் பின்னே இழுக்கும். கிழமைக்கு ஒருமுறை மட்டுமே சுமைநடை. ஓட்ட நாளன்று அது கிடையாது. கார்த்திகையில் இரண்டு அரிசிப் பைகள். ஆற்றின்மேல் புகார் மூடி, மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் நாள்கள். ஒருநாள் பை கிழிந்து அரிசி வழியெங்கும் சிந்தியது. பின்னே வந்த முதிய சுவிஸ் பெண்மணி ஒருவர், பறவைகளுக்குப் போடுகிறோம் என எண்ணிக் கண்டித்துவிட்டுச் சென்றார்.

கொப்புளம் சிறிய விடயம் என எண்ணாதீர்கள். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளிக் காலுறை நன்று. நகத்தை நேராக வெட்டுக. சூடு உணர்ந்த இடத்தில் உடனே நின்று ஒட்டுப்போடுக. வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்றால், வீட்டுக்கு நடப்பதே கடினமாகும். படைச் சப்பாத்து கையில் கிடைத்த நாளிலிருந்து அதனை வீட்டுக்குள்ளும் கடைக்குப் போகும்போதும் அணிந்து பழகுக. புகைப்பவர் புகையை விடுக. இரவில் கைத்தொலைபேசியை மற்றோர் அறையில் வைத்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்துப் பழகுக. அவனுக்கு எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது இதுதான்.

மார்கழி கடைசிச் சனிக்கிழமை, நெடுநடை முடித்து அவன் வீட்டுக்குச் சென்றோம். தாயார் தேநீர் தந்தார். அவன் முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றபோது, அவன் தலை கதவு நிலையை அண்மித்திருந்ததைக் கண்டேன். "உயரமாத் தெரியிறான்" என்று யாரும் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன், தாயாரும் அவனைப் பார்த்தபடி நின்றார். பிறகு அரிசியைப் பானையில் கொட்டினார். நான்கு மாதங்களாக மலை ஏறி இறங்கிய அரிசி அன்று சோறாயிற்று.

தையில் போனான். முதல் கிழமை முழுவதும் அவருக்கு உணவு இறங்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். அழுக்குத் துணிகளைப் பையில் இட்டு இராணுவத் தபாலில் இலவசமாக வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இந்நாட்டில் உண்டு. தோய்த்து அனுப்பும் பையில் வீட்டார் ஏதாவது தின்பண்டம் வைப்பர். அவர் பயற்றம்பணியாரம் வைத்தார். அது ஓர் அறையிலிருந்த பன்னிரண்டு பேருக்குப் போதவில்லை என்று செய்தி வந்ததும் அடுத்த கிழமை இரு மடங்கு சுட்டார். விடுமுறையில் வந்தபோது அவன் என்னிடம் காலைக் காட்டினான். குதிக்காலில் ஒரு கொப்புளம், முன்னங்கால் நோகவில்லை. அவனுடன் சேர்ந்த இருவர், முதல் மாதத்திலேயே கால்நோவினால் நடைகளில் கலந்துகொள்ள இயலாதிருந்தனராம். 'தாக்குப்பிடிக்கும் வாரம்' எனப்படும் கடினமான வாரத்தையும் முடித்து, வைகாசியில் வீடு வந்தான். அன்று மாலை தாயார் தொலைபேசியில் அழைத்து, "வந்திட்டான் சேர்" என்றார். வேறொன்றும் கதைக்காமல் சில நிமிடங்கள் இருவரும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இக்கோடையில் நம் பாடசாலை விளையாட்டுப் போட்டியில், ஓட்டங்களைத் தொடக்கி வைக்கும் ஊதலை என்னிடம் தந்தனர். முன்னைய ஆண்டுகளில் ஏதேனும் சாக்குச் சொல்லித் தேநீர்ப் பகுதிக்குச் சென்றுவிடுவேன். இம்முறை ஊதினேன்.

சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்த பின் ஒரு மணிக்கு ஆற்றங்கரையில் நடக்கிறோம். தற்போது நால்வர் வருகின்றனர். அவர்களுள் ஒருத்தி மாணவி, அவளும் எர்எஸ் போவதா என யோசிக்கிறாள். பெற்றோரும் வரலாம். மழைக்கு நிறுத்துவதில்லை. நல்ல சப்பாத்து அணிந்து வருக. அரிசி வேண்டியதில்லை, அது புரட்டாதியில்.